எங்களுக்கு நண்பர்கள் வேண்டும்!

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? மணியாச்சி தாண்டி, நாரைக்கிணறும் தாண்டினால் ஜன்னலுக்கு வெளியே ஒரு மஞ்சள் பலகை தெரியும்: 'கங்கைகொண்டான்'. உடனே பெட்டியில் இருப்பவர்கள் பைகளை இறக்கி வைக்க ஆரம்பிப்பார்கள். அடுத்து தாழையூத்து, அப்புறம் ஜங்ஷன்.

கங்கைகொண்டான் என்பது ராஜேந்திர சோழனின் பட்டப்பெயர். வடக்கே படையை அனுப்பி, கங்கைக் கரை அரசர்களை வென்ற பெருமையைச் சொல்லும் பெயர். அந்தப் பெருமை ஆயிரம் வருஷம் கழித்தும் ஒரு ரயில்வே பலகையில் மிச்சமிருக்கிறது. 'கொண்டான்' என்றால் வென்று எடுத்துக்கொண்டான் என்று அர்த்தம்.

நான் சொல்லப்போவது ராஜேந்திரன் கதை இல்லை. இதே திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, 'கொண்டான்' என்ற வார்த்தைக்கு எதிர்த்திசையில் யோசித்த ஒருவரின் கதை.

1910, ஜூன் மாதம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1,200 பிரதிநிதிகள். பெரும்பாலும் ஐரோப்பியர்கள், அமெரிக்கர்கள். கிறிஸ்தவம் இன்னும் போய்ச் சேராத நாடுகளுக்கு அதை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் பேச்சு. வரைபடங்கள், புள்ளிவிவரங்கள், திட்டங்கள். எந்தப் பிரதேசம் 'பிடிக்கப்பட்டது', எது இன்னும் 'பிடிக்கப்படவில்லை' என்றெல்லாம் கணக்கு. கிட்டத்தட்ட ஒரு படையெடுப்பின் பாஷை.

ஆசியாவிலிருந்து வந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. அவர்களில் ஒருவர் பேச எழுந்தார். வயது 35. பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஊர், பனங்காட்டுத் தேரிக்கு நடுவே இருக்கும் வெள்ளாளன்விளை.

முதலில் நன்றி சொன்னார். இந்தியாவுக்காக மிஷனரிகள் செய்த தியாகங்களை எங்கள் சந்ததிகள் மறக்காது என்றார். அதன் பிறகு சொன்னதுதான் அரங்கத்தை உலுக்கியது. நீங்கள் உங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உடலையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள். நாங்கள் கேட்பது அன்பு. எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று முடித்தார்.

சிலர் நெகிழ்ந்தார்கள். சிலருக்கு முகம் சிவந்துவிட்டது. 'சோறு போட்டு, படிக்கவைத்து, ஆளாக்கிவிட்டால் நம்மையே குறை சொல்கிறானே!' என்ற கோபம்.

அசரியா கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இந்தியாவில் பல வருஷம் இருந்த மிஷனரிகளில் சிலர், தங்களோடு வேலை செய்யும் இந்தியரை ஒரு வேளைகூட வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டதில்லை. 'வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க' என்ற மூன்று வார்த்தைதான் பாக்கி. நம் ஊரில் உறவு என்றால் கொண்டும் கொடுத்தும் இருப்பது. ஒரு பக்கம் கொடுத்துக்கொண்டே இருக்க, இன்னொரு பக்கம் கைநீட்டிக்கொண்டே நின்றால் அதற்குப் பெயர் உறவா? தர்மம்!

இந்தக் கேள்வி அசரியாவின் மண்டையில் திடீரென்று முளைத்தது அல்ல. திருநெல்வேலியில் அதற்கு ஒரு நீண்ட பூர்வகதை உண்டு.

பாளையங்கோட்டையில் ஒரு பழைய சின்ன ஆலயம் இருக்கிறது. 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்பார்கள். அந்த அம்மாள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு மணமுடிக்காமல் வாழ்ந்தவர். அவர் ஞானஸ்நானம் கேட்டபோது ஷ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ல்தான் பாளையங்கோட்டையில் அவருக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. 'குளோரிந்தா' என்று பெயர். 1785-ல் அவர் முயற்சியில் அந்த ஆலயம் எழும்பியது. யோசித்துப் பாருங்கள். திருநெல்வேலி புராட்டஸ்டன்ட் சபையின் முதல் ஆலயத்தைக் கட்டியவர், வாசலிலேயே ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண்!

பிறகு கூட்டம் பெருகியது. மதம் மாறியவர்களுக்கு அடி, உதை, வீடு எரிப்பு. அவர்களைக் காப்பாற்றத் தனி ஊர்களே உருவாயின. 1799-ல் முதலூர் வந்தது. ஜெர்மன் பிரபு டோனா கொடுத்த பணத்தில் டோனாவூர் வந்தது. உயிர்பிழைக்க அது அவசியம்தான். ஆனால், பாதுகாப்புக்குப் போட்ட வேலி நாளடைவில் வேலியாகவே நின்றுவிடும் இல்லையா? 'நாங்க வேதக்காரங்க, அவங்க வேற' என்ற பேச்சும் கூடவே வளர்ந்தது.

வேலிக்கு உள்ளேயும் மேல், கீழ் இருந்தது. கால்டுவெல் பெரிய அறிஞர். இடையன்குடி மக்களுக்காக வாழ்க்கையையே கொடுத்தவர். அதில் சந்தேகமே இல்லை. ஆனால், அதே மனிதர் 1849-ல் தான் ஊழியம் செய்த பனையேறும் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். சீமையில் இருப்பவர்களுக்காக எழுதியதை, ஒருநாள் இங்கே இருப்பவர்களும் படித்துவிட்டார்கள். தங்களை இவ்வளவு இழிவாகவா பார்த்திருக்கிறார் என்று கொதித்தார்கள். நாசரேத்தில் சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம் மிஷனரிகளோடு முட்டிக்கொண்டு, 1857-ல் வெள்ளைக்காரர் தலையீடே இல்லாத 'இந்துக் கிறிஸ்தவ சபை'யைத் தொடங்கியதற்குப் பின்னால் இப்படிச் சேர்ந்த காயங்களும் உண்டு. இயேசு வேண்டும், எஜமான் வேண்டாம் என்பதுதான் அவர்கள் கட்சி.

அசரியா அப்படிப் பிரிந்து போகவில்லை. உள்ளே இருந்தபடியே மாற்றப் பார்த்தார். 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்து, தாங்களே ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்து வெட்கப்பட்டார். 'நம்மால் முடியாதா?' மறுவருஷமே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆள் இந்தியர், பணம் இந்தியர், நிர்வாகம் இந்தியர்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. 1909-ல் தானே மூட்டைகட்டிக்கொண்டு நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார். தெலுங்கு கற்றார். மாலா, மாதிகா என்று ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட மக்களோடு வேலை செய்தார். 1912-ல் ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவர் அங்கே எழுப்பிய பேராலயத்தைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். தூண்களில் இந்துக் கோயிலின் சாயல், மேலே மசூதியின் சாயலில் கும்பங்கள். வெளியாள் ஒருவர் உள்ளே வந்தால் 'அந்நியமான இடம்' என்று அவருக்குத் தோன்றக் கூடாது. கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்றும் வாதாடினார். சபை இன்னொரு சாதியாக உறைந்துபோவதை அவர் விரும்பவில்லை.

அவரோடு எல்லாரும் ஒத்துப்போனார்கள் என்றில்லை. கூட்டம் கூட்டமாக மதம் மாறுவதை காந்தி கடுமையாக எதிர்த்தார். தாழ்த்தப்பட்டவனுக்குத் தன் மதத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் புத்தி உண்டு, அதை மதியுங்கள் என்பது அசரியாவின் பக்கம். அந்த வழக்கு இன்றும் தீரவில்லை.

இனி ஒரு விசித்திரமான ஒற்றுமை. எடின்பரோவில் அசரியா நண்பர்களைக் கேட்ட அதே 1910-ல், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரு சுவர் இடிந்தது. அங்கிருந்த கத்தோலிக்க ஆலயத்தை வெள்ளாளருக்கு ஒரு கால், நாடார் முதலானோருக்கு ஒரு கால் என்று கால்சட்டை மாதிரியே கட்டியிருந்தார்கள். நடுவில் தடுப்பு. பூசை வைப்பவர் ஒருவர். கேட்பவர்கள் இரண்டு பக்கம். கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை இடித்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சுவர் மறுபடி எழவில்லை.

அசரியா பேசியது வெள்ளைக்காரர்களைப் பார்த்து. வடக்கன்குளமோ நம்மை நாமே பார்க்கவேண்டிய கண்ணாடி. மிஷனரி நாற்காலி போடவில்லை என்று வருத்தப்பட்ட நாம், பக்கத்துத் தெருக்காரருக்கு நாற்காலி போட்டோமா? ஆலயத்துக்குள்ளே சுவர் போனாலும், கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் நிற்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இல்லை என்று யாராவது மார்தட்டிச் சொல்ல முடியுமா?

'வெளியாட்களை எப்படி அணுகுவது' என்று சபைகள் இன்றும் கூட்டம் போட்டுப் பேசுகின்றன. ஒலிபெருக்கி, துண்டுப் பிரசுரம், டி.வி. நிகழ்ச்சி என்று வழிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. வெள்ளாளன்விளைக்காரர் சொன்ன வழிக்குச் செலவே கிடையாது. எதிரே இருப்பவரை ஆள்கணக்கில் சேர்க்கவேண்டிய எண்ணாகப் பார்க்காதே. அவன் வீட்டில் சாப்பிடு, உன் வீட்டுக்குக் கூப்பிடு. இது சபைக்கு மட்டுமா? அடுத்தவரைத் தன் பக்கம் இழுக்கத் துடிக்கிற எந்த மதத்துக்கும், எந்தக் கட்சிக்கும் பொருந்தும்.

1945-ன் முதல் நாள் அசரியா தோர்ணக்கல்லில் காலமானார். அவர் பாடுபட்ட திருச்சபை ஒற்றுமை, 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபையாக உருவெடுத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அடுத்த முறை கங்கைகொண்டான் பலகை ஜன்னலில் வந்து போகும்போது ராஜேந்திரனை நினைத்துக்கொள்ளுங்கள். தப்பில்லை. கூடவே, எதையும் கொள்ளப் போகாமல், ஆயிரம் பேர் நடுவில் எழுந்து நின்று நட்பைக் கேட்ட அந்தத் தேரிக்காட்டு மனிதரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.