சிறப்பு முகாம் (தமிழ்நாடு)

வெளிநாட்டவரை நீதிமன்றத் தண்டனையின்றி, அரசாணையால் அடைத்துவைக்கும் இடம். 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ் 1990களில் வேலூர்க் கோட்டை, செங்கல்பட்டு, பூந்தமல்லி ஆகிய இடங்களில் இயங்கியது. அடைபட்டோரில் பெரும்பாலோர் ஈழத்தமிழர். குல்லூர்சந்தை போன்ற மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர் வேலைக்கு வெளியே போய்வரலாம்; இங்கே அது கிடையாது.

திருச்சி முகாம் மத்திய சிறை வளாகத்திலேயே உள்ளது. தடுப்பு மையம் சிறைக்கு வெளியே அமைய வேண்டும், குடும்பத்தைப் பிரிக்கக்கூடாது என்கிறது ஒன்றிய அரசின் 2019 மாதிரிக் கையேடு. ஆனால் அது வழிகாட்டுதலே, சட்டமன்று. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 2022 நவம்பரில் விடுதலையான ஈழத்தமிழர் சாந்தன், திருச்சி முகாமுக்கு மாற்றப்பட்டு, ஊர் திரும்பாமலே 2024 பிப்ரவரியில் சென்னை மருத்துவமனையில் இறந்தார். தடுப்புக்குக் கால வரம்பு, சுயேச்சையான ஆய்வு ஆகியவையே சீர்திருத்தக் கோரிக்கைகளில் முதன்மையானவை.