தராசைப் பிடித்த ஏழு பேர்



சபை அங்கத்தினருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தருவது போதகரின் பணிகளுள் ஒன்று. "இவர் ஒழுங்காய் ஆராதனைக்கு வருகிறவர், நற்சாட்சி பெற்றவர்" என்று எழுதிக் கையொப்பமிட்டு, சபையின் முத்திரையையும் பதிக்கிறோம். பள்ளிச் சேர்க்கைக்கும் வேலைக்கும் அக்கடிதம் துணையாகிறது. ஆனால் ஒருவர் பிழைப்பாரா, மரிப்பாரா என்று தீர்மானிக்கும் இடத்தில் அந்த வாக்கியம் எடைக்கல்லாக வைக்கப்பட்டால் என்ன ஆகும்? அப்படியும் ஒரு காலம் இருந்தது. அந்த வரலாற்றை இவ்வாரம் உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தால் உடலின் கழிவுகள் இரத்தத்திலேயே தங்கிவிடும். சில வாரங்களில் மரணம் நேரிடும். இதற்கு வழி தேடியவர் நெதர்லாந்து தேசத்து மருத்துவர் வில்லெம் கொல்ஃப். ஜெர்மானியப் படை தேசத்தைப் பிடித்திருந்த நாட்களில், 1943இல், கம்பென் என்னும் சிற்றூரில், இறைச்சிப் பண்டம் அடைக்கப் பயன்படும் செலோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி, அதன் வழியே நோயாளியின் இரத்தத்தைச் செலுத்திச் சுத்திகரித்தார். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய அனைவரும் மரித்துப்போனார்கள். 1945இல் 67 வயதான ஒரு பெண் நினைவற்ற நிலையிலிருந்து கண் விழித்தார். பகைவரின் படைக்கு ஆதரவாயிருந்ததற்காகச் சிறை வைக்கப்பட்டவர் அவர், ஊராரால் வெறுக்கப்பட்டவர். அவருடைய தகுதியைக் கொல்ஃப் எடைபோடவில்லை. நோயாளி என்ற ஒன்றே அவருக்குப் போதுமானதாயிருந்தது.

எனினும் அந்தக் கருவி தற்காலிகச் செயலிழப்புக்கே உதவியது. ஒவ்வொரு முறையும் புதிதாய் ஓர் இரத்தக்குழாயைத் திறக்க வேண்டியிருந்ததால், விரைவில் திறப்பதற்கு இடமே இல்லாமற்போகும். 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர், டெஃப்லானால் ஆன வளைந்த குழாயொன்றை நோயாளியின் கையில் நிலையாகப் பொருத்தினார். அதன் வழியே மீண்டும் மீண்டும் டயாலிசிஸ் செய்ய முடிந்தது. முதலில் அதைப் பெற்ற கிளைட் ஷீல்ட்ஸ் என்ற இயந்திரத் தொழிலாளி மேலும் பதினொரு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார்.

மருந்து கிடைத்தது, அதனோடு ஒரு சோதனையும் வந்தது. 1962இல் சியாட்டிலில் டயாலிசிஸ் நிலையம் திறக்கப்பட்டபோது, இயந்திரங்கள் மிகச் சிலவே இருந்தன. ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் செலவாயிற்று. காத்திருந்தவர்களோ பலர். முதலில் மருத்துவர்கள் பரிசோதித்து, சிகிச்சையைத் தாங்கக்கூடியவர்களைப் பிரித்தார்கள். அவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஏழு பேர் கொண்ட குழுவிடம் ஒப்புவிக்கப்பட்டது. வழக்கறிஞர், வங்கியாளர், இல்லத்தரசி, அரசு அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர் ஆகியோருடன் ஒரு போதகரும் அதில் இருந்தார்.

அவர்கள் கொடியவர்கள் அல்லர். ஊதியமில்லாமல், பெயர் வெளியிடாமல், மனபாரத்தோடு அப்பணியைச் செய்தார்கள். ஆனால் எதைக் கொண்டு எடைபோட்டார்கள்? வயது, மணவாழ்க்கை, பிள்ளைகளின் எண்ணிக்கை, வருமானம், சொத்து, கல்வி, தொழில் ஆகியவற்றைப் பார்த்தார்கள். ஆலயத்துக்குப் போகிறவரா என்பதும் பேசப்பட்டது. 1962 நவம்பரில் 'லைஃப்' இதழ் இதை வெளிப்படுத்தியபோது தேசம் திடுக்கிட்டது. அந்த ஏழு பேரும் தங்களைப் போன்றவர்களையே தகுதியுள்ளவர்களாகக் கண்டார்கள் என்று பின்னர் விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

சிறுவர்களுக்கு அங்கே இடமில்லை என்பதும் விதி. அதனால் ஒரு பதின்பருவப் பெண் பிள்ளை ஒதுக்கப்பட்டாள். அவளுக்காகவே வாஷிங்டன் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் ஆல்பர்ட் பாப், வீட்டிலேயே வைத்துப் பயன்படுத்தக்கூடிய கருவியைச் சில மாதங்களில் உருவாக்கினார். 1964இல் அது அவள் வீட்டை அடைந்தது. தராசு வேண்டாமென்று தள்ளிய பிள்ளையின் நிமித்தம், வீட்டு டயாலிசிஸ் என்னும் புதிய வாசல் பலருக்கும் திறந்தது.

1971இல் ஷெப் கிளேசர் என்ற நோயாளி, அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னிலையிலேயே டயாலிசிஸ் செய்துகொண்டு தம்மைப் போன்றோருக்காக மன்றாடினார். 1972இல் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டு ஜூலை முதல், அந்நாட்டின் சிறுநீரக நோயாளிகளில் ஏறக்குறைய அனைவருக்கும் அரசே செலவை ஏற்றது. தராசைத் திருத்தியதால் இந்தத் துயரம் நீங்கவில்லை. இருக்கைகளைப் பெருக்கியதாலேயே நீங்கியது.

அன்பானவர்களே, அந்தக் குழுவிலிருந்த போதகரை நான் நியாயந்தீர்க்கத் துணியேன். அவருடைய நாற்காலியில் என்னை இருத்திப் பார்க்கிறேன். ஞாயிறுதோறும் முன்வரிசையில் அமரும் சகோதரனையும், ஆலயத்தை மறந்துபோன வேறொருவனையும் என்முன் நிறுத்தினால், என் கை எந்தப் பக்கம் சாயும்? விடை எனக்கு அச்சமூட்டுகிறது.

நமது மருத்துவ உதவி நிதிக்கும் விண்ணப்பங்கள் வருகின்றன. "அவர் சந்தா கட்டியிருக்கிறாரா? ஆராதனைக்கு வருகிறாரா?" என்று கேட்க நாவு எழும்பும்போது சியாட்டிலை நினைவுகூருவோம். நல்ல சமாரியன் குற்றுயிராய்க் கிடந்தவனிடம் சான்றிதழ் கேட்கவில்லை. பணம் போதாதபோது, 'யாரைத் தள்ளலாம்' என்பதற்கு முன், 'இன்னும் ஓர் இருக்கையை எப்படிச் சேர்க்கலாம்' என்று கேட்போமாக.

அதற்கான இருதயத்தைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.