எல்டொரெட்–இண்டியானா மருத்துவக் கூட்டு

கென்யாவின் மேற்குப் பீடபூமியில், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் எல்டொரெட், நெடுந்தூர ஓட்ட வீரர்களின் ஊராக உலகப் புகழ் பெற்றது. மருத்துவ வட்டாரத்தில் அந்த ஊரின் பெயர் வேறொரு காரணத்துக்காகப் பேசப்படுகிறது. அங்குள்ள மோய் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியோடு 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் கைகோத்து இயங்கி வருகின்றன. பணக்கார நாட்டு மருத்துவமனையும் ஏழை நாட்டு மருத்துவமனையும் சேர்ந்து நடத்திய முயற்சிகளில் இவ்வளவு காலம் நிலைத்தவை குறைவு. இன்று இக்கூட்டு ‘ஆம்பாத்’ என்று அழைக்கப்படுகிறது.

இதற்கு முன்பு உதவி பெரும்பாலும் ஒரே திசையில்தான் போனது. ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1913-இல் இன்றைய காபோனில் உள்ள லம்பரேனேயில் மருத்துவமனை தொடங்கினார். அது அவருடைய மருத்துவமனையாகவே இருந்தது. 1960-இல் ‘ஹோப்’ என்ற அமெரிக்க மருத்துவக் கப்பல் இந்தோனேசியாவுக்குப் புறப்பட்டது. கப்பல் வரும், சிகிச்சையும் பயிற்சியும் நடக்கும், பிறகு கப்பல் போய்விடும். 1980-களில்தான் வேறொரு முறை உருவாயிற்று. இத்தாலியின் மோன்ஸா நகரக் குழந்தைநல மருத்துவர் ஜுசெப்பே மாசேரா, 1986-இல் நிகரகுவாவின் மனாகுவாவிலுள்ள லா மஸ்கோட்டா மருத்துவமனையோடு குழந்தைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக நீண்டகால உறவு ஏற்படுத்தினார். 1988-இல் பிரிட்டனில் எல்ட்ரிட் பாரி, வெப்பமண்டல நாடுகளின் மருத்துவக் கல்விக்குத் துணைநிற்க ஓர் அறக்கட்டளையை நிறுவினார். எல்டொரெட்டின் கதையும் இதே காலத்தில்தான் தொடங்குகிறது.

எல்டொரெட் மருத்துவமனை 1917-இல் சில பத்துப் படுக்கைகளோடு ஏற்பட்டது. நைரோபிக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது மருத்துவக் கல்லூரியை அங்கே நிறுவக் கென்ய அரசு முடிவு செய்தபோது, அதன் முதல் தலைவரான ஹரூன் மெங்கெச் வெளிநாட்டுத் துணைகளைத் தேடினார். ஸ்வீடனின் லின்ஷோப்பிங்கும் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டும் கல்லூரிக்கு உதவின. இண்டியானாவிலிருந்து ஜோ மாம்லின், பாப் ஐன்டர்ஸ், சார்ல்ஸ் கெல்லி, டேவிட் வான் ரீக்கன் என்ற நான்கு மருத்துவர்கள் வந்தார்கள். மாம்லினுக்கு ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய அனுபவம் இருந்தது. பெரிய நிதி எதுவும் அவர்கள் கையில் இல்லை. ‘எங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஆண்டு முழுவதும் இங்கேயே குடியிருந்து வார்டில் வேலை செய்வார், கற்பிப்பார்’ என்ற ஒரே ஓர் ஏற்பாட்டோடு வந்தார்கள். முதலில் ஐன்டர்ஸ் குடும்பத்தோடு வந்து எல்டொரெட்டில் தங்கினார். அவருக்குப் பின் வேறொருவர் என்று இந்த ஏற்பாடு தொடர்ந்தது. கென்ய மாணவர்கள் இண்டியானாபொலிஸுக்கும் அமெரிக்க மாணவர்கள் எல்டொரெட்டுக்கும் போய்வரத் தொடங்கினார்கள்.

முதல் பத்தாண்டில் சொல்லிக்கொள்ளும்படியான சாதனை எதுவும் இல்லை. ஆனால் பின்னால் நடந்த அத்தனைக்கும் அந்தப் பத்தாண்டே அடித்தளம். இரு தரப்பு மருத்துவர்களும் ஒரே வார்டில் ஒரே நோயாளிகளைப் பார்த்துப் பழகியிருந்தார்கள். பெரும் நெருக்கடி வந்தபோது யாரை நம்புவது, எதை யாரிடம் ஒப்படைப்பது என்று அவர்கள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த நெருக்கடி எய்ட்ஸ். 2000-இல் மாம்லின் மீண்டும் எல்டொரெட்டுக்கு வந்தபோது, வார்டுகள் இளம் வயது எய்ட்ஸ் நோயாளிகளால் நிரம்பியிருந்தன. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் அமெரிக்காவில் கிடைத்தன. ஆனால் ஒருவருக்கு ஆண்டுச் செலவு 10,000 டாலரைத் தொட்டது. ஆப்பிரிக்காவில் இந்தச் சிகிச்சை சாத்தியமில்லை, தடுப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று உதவி வழங்கும் நாடுகளில் பலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். அந்த வார்டில் சாகக் கிடந்தவர்களில் ஒருவர் அதே கல்லூரியின் மருத்துவ மாணவர். மாம்லின் அவருக்கு மட்டும் எப்படியோ மருந்து வரவழைத்துக் கொடுத்தார். மாணவர் பிழைத்து எழுந்து நடந்தார். கண்ணெதிரே ஒருவர் பிழைத்துவிட்ட பிறகு, பக்கத்துப் படுக்கையில் இருப்பவரிடம் ‘உனக்கு முடியாது’ என்று எப்படிச் சொல்வது?

2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம், மூன்று மருந்துகள் அடங்கிய ஓராண்டுச் சிகிச்சையை 350 டாலருக்கு ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்புக்குத் தர முன்வந்தது. சந்தை விலை சரியத் தொடங்கிற்று. அதே ஆண்டில் மோய், இண்டியானா இரண்டும் சேர்ந்து எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கின. எல்டொரெட்டிலும் மொசோரியோட் என்ற கிராமச் சுகாதார நிலையத்திலும் வேலை ஆரம்பமானது. 2003-இல் அறிவிக்கப்பட்ட அமெரிக்க அதிபரின் எய்ட்ஸ் நிவாரண நிதி 2004 முதல் வந்துசேர, மேற்குக் கென்யா முழுவதும் கிளினிக்குகள் பெருகின. சில்வெஸ்டர் கிமாயோ போன்ற கென்ய மருத்துவர்கள் பொறுப்பேற்று நடத்தினார்கள்.

மருந்து வந்தும் சிலர் தேறவில்லை. காரணம் பசி. மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் பசி கூடும், வீட்டிலோ சோறில்லை. எனவே மருந்துச் சீட்டோடு உணவுக்கும் சீட்டு எழுதினார்கள். நோயாளிக்கு மட்டும் உணவு கொடுத்தால் தாய் அதைப் பிள்ளைகளுக்குத்தான் ஊட்டுவாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்ததே. ஆகவே வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, அத்தனை பேருக்கும் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். மக்காச்சோளம், பயறு, எண்ணெய் ஆகியவற்றை உலக உணவுத் திட்டம் தந்தது. காய்கறியும் முட்டையும் கூட்டின் சொந்தப் பண்ணைகளிலிருந்து வந்தன. மருத்துவக் கல்லூரிகள் பண்ணை நடத்துவது வழக்கமில்லை. வார்டில் உட்கார்ந்து நோயாளியைப் பார்த்தவர்களுக்கே அப்படியொரு தேவை புலப்பட்டிருக்கும்.

மொசோரியோட்டிலிருந்து உலகத்துக்குப் போன ஒன்று மருத்துவக் குறிப்பேடு. 2001 பிப்ரவரியில் அங்கே இரண்டு கணினிகள் வைக்கப்பட்டன. மின்தடைக்குச் சூரிய ஒளியில் ஏறும் பேட்டரி இருந்தது. வரும் நோயாளிக்குப் பதிவு மேசையில் ஒரு தாள் தரப்படும். அதை எடுத்துக்கொண்டு அவர் நர்ஸ், டாக்டர், ஆய்வகம், மருந்தகம் என்று போவார். ஒவ்வொருவரும் அதில் எழுதுவார்கள். திரும்பும்போது எழுத்தர் தாளை வாங்கிக் கணினியில் ஏற்றுவார். நோயாளி அங்கே செலவழித்த நேரம் 22 சதவீதம் குறைந்தது என்று 2003-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. சிகிச்சை தருபவர்கள் நோயாளியோடு செலவிட்ட நேரம் 58 சதவீதம் குறைந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்தது. அதைப் பெருமைக்குரியதாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் ‘ஓப்பன் எம்.ஆர்.எஸ்.’ என்ற இலவச மென்பொருள். இண்டியானாவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனமும் பாஸ்டனின் ‘பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்’ அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய அது, 2006-இல் முதலில் எல்டொரெட்டில் இயங்கியது. பின்பு ருவாண்டா தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது.

2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் வெடித்த இனக் கலவரத்தில் எல்டொரெட் வட்டாரம் மோசமாகப் பாதிக்கப்பட்டது. 2008 ஜனவரி 1 அன்று, ஊருக்கு அருகே கியம்பாவில் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்தவர்கள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். மருத்துவமனை ஊழியர்களிலேயே பலர் இனத்தின் பெயரால் ஊரைவிட்டு ஓட வேண்டியிருந்தது. எச்.ஐ.வி. மருந்தை விட்டுவிட்டால் கிருமி அதற்குப் பழகி, பின்னர் அந்த மருந்து பலிக்காமல் போகக்கூடும். எனவே எஞ்சிய ஊழியர்கள் அகதி முகாம்களுக்கே போய்த் தங்கள் நோயாளிகளைத் தேடி மாத்திரை கொடுத்தார்கள். இக்கூட்டின் வரலாற்றில் மிகவும் போற்றத்தக்க பக்கம் இதுதான். அதில் முன்னணியில் நின்றவர்கள் கென்யர்கள்.

குறைகளும் உண்டு. எல்டொரெட்டுக்கு வரும் அமெரிக்க மாணவர்களின் எண்ணிக்கை, இண்டியானா போகும் கென்ய மாணவர்களின் எண்ணிக்கையைவிட எப்போதும் அதிகம். வார்டில் நோயாளியைத் தொட்டுப் பழகும் வாய்ப்பு அமெரிக்க மாணவருக்கு எல்டொரெட்டில் கிடைக்கிறது. கென்ய மாணவரோ அமெரிக்காவில் பெரும்பாலும் பார்வையாளராகவே நிற்க வேண்டியிருக்கிறது. இரு பக்கமும் சமம் என்ற கொள்கை இங்கே இன்னும் முழுமை பெறவில்லை.

இதைவிடப் பெரிய பலவீனம் பணம் வரும் வழி. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, மேற்குக் கென்யாவின் எச்.ஐ.வி. சிகிச்சையும் அந்த அடியை வாங்கிற்று. ஆனால் இரு கல்லூரிகளுக்கும் இடையிலான ஆசிரியர்–மாணவர் உறவு அமெரிக்க எய்ட்ஸ் நிதிக்குப் பத்தாண்டுக்கும் மேல் முந்தியது, அதை மட்டும் நம்பி ஏற்பட்டதல்ல. இதற்கிடையே கானாவின் தமலே, மெக்ஸிகோவின் புவெப்லா, நேபாளத்தின் துலிகேல் ஆகிய இடங்களில் வேறு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எல்டொரெட்டைப் பார்த்து இதே முறையில் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. எல்டொரெட்டிலோ இப்போது இரத்த அழுத்தமும் நீரிழிவும் புற்றுநோயும் முன்னுக்கு வந்துவிட்டன. அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் சிறுசேமிப்புக் குழுக்களின் கூட்டத்திலேயே இரத்த அழுத்தம் பார்த்து, மருந்தும் கொடுக்கிறார்கள்.