நாலாக இருந்த கல்முனை

கிட்டங்கிப் பாலம் தாண்டி கல்முனைக்குப் போற ஆக்கள் நாங்க. எங்கட சொறிக்கல்முனை நாவிதன்வெளி பிரதேச சபைக்குள்ள இருக்கு. கல்முனை மாநகர சபையில எங்களுக்கு வாக்கு இல்ல. ஆனா சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அங்கதான் ஓடுறோம். அதனால, கல்முனையைக் கலைச்சுப் பிரிக்கிறதா என்ற சண்டையை பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரிக் கேட்டுத்தான் வளர்ந்தோம்.

இந்தச் சண்டையில எல்லாரும் சொல்ற ஆண்டு 1987. அதுக்கு முன்னம் நாலு சபைகள் இருந்தன என்பார்கள்: கல்முனை பட்டின சபை, கரைவாகு தெற்கு, வடக்கு, மேற்கு கிராம சபைகள். தெற்கு என்றால் சாய்ந்தமருது. வடக்கு மருதமுனைப் பக்கம். மேற்கு நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்புப் பக்கம்.

கொஞ்சம் கிண்டிப் பார்த்தால் கதை இன்னும் பழசு. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோதே நாடு முழுக்க பட்டின சபைகளும் கிராம சபைகளும் ஒழிக்கப்பட்டுவிட்டன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டம் அந்த வெற்றிடத்தை நிரப்பியது. பழைய நாலும் ஒரே கல்முனை பிரதேச சபைக்குள் போயின. 2001இல் அது மாநகர சபையானது. கலைக்கும்போதும் சரி, சேர்க்கும்போதும் சரி, ஊர்ச்சனத்திடம் வாக்கெடுத்துக் கேட்கவில்லை.

சாய்ந்தமருது தன் சபையைத் திருப்பிக் கேட்டது. 2017 கடைசியில் கடைகளை அடைத்து ஹர்த்தால் நடந்தது. 2018 பெப்ரவரித் தேர்தலில் கட்சிகளை ஒதுக்கிவிட்டு, பள்ளிவாசலின் ஆதரவோடு தோடம்பழச் சின்னத்தில் சுயேச்சைக் குழு இறங்கி 9 ஆசனங்கள் எடுத்தது. 2020 பெப்ரவரி 14 இரவு வர்த்தமானியும் வந்தது: 2022 மார்ச் 20 முதல் சாய்ந்தமருதுக்கு நகர சபை. வெடி கொளுத்திய சந்தோசம் அடங்க முன்னமே, ஒரு வாரத்துக்குள், அமைச்சரவை அதை இடைநிறுத்தியது.

ஏன் இவ்வளவு பதற்றம்? சாய்ந்தமருது கிட்டத்தட்ட முழுக்க முஸ்லிம் ஊர். அது விலகினால் மிச்சக் கல்முனையில் முஸ்லிம், தமிழர் கணக்கு நெருங்கிவிடும். அதனால்தான் கல்முனை முஸ்லிம்களில் பலர், பிரிப்பதென்றால் பழையபடி நாலாகவே பிரியுங்கள் என்றார்கள். அப்படிப் பிரித்தால் எல்லைக்கோடு எங்கே விழும் என்பது தமிழர்களின் பயம். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டு 2019 ஜூனில் உண்ணாவிரதம் இருந்ததும் அந்தப் பயத்தின் இன்னொரு முகம்.

ஒருவரின் பயமும் பொய் இல்ல. ஆனா பழைய வரைபடத்தைத் தூசு தட்டி விரிச்சா மட்டும் போதுமா? அந்த நாலு சபைக் காலத்தில் இருந்த ஊர் இல்ல இது. சனம் பெருகிட்டு, 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் குடும்பங்கள் இடம் மாறிட்டு. பெரிய பசாரின் வருமானம் யாருக்கு, குப்பையை எங்கே கொட்டுறது, வெள்ள வாய்க்காலை யார் வெட்டுறது? கோடு கீற முன்னம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் வேணும்.

சபை கேட்கிறது ஊரின் உரிமை என்றுதான் நாங்களும் நினைக்கிறோம். ஆனா ஒரு ஊரின் எல்லையை கொழும்பில் ஒரு இரவில் எழுதி, இன்னொரு நாள் அழிக்கிற பழக்கம் 1981இல் தொடங்கினது. அதை மாத்தாமல் நாலாப் பிரிச்சாலும், ஒண்டா வைச்சாலும், சனத்தைக் கேட்காத சபைதான் மிஞ்சும்.