முப்பது பின் ஸ்பீக்கர்

புதுச்சேரி ஞாயிறு சந்தையில் பழைய ஐபாட் ஸ்பீக்கர்களைப் பார்த்திருப்பீர்கள். ஐபாடை மேலே செருகிவைத்தால் பாடும் ரகம். பாரிஸிலிருந்து மகள் கொண்டுவந்த மலிவான ஒன்று என்னிடமும் உண்டு. பேட்டரியில் ஓடும்; மொட்டைமாடிக்குத் தூக்கிப் போகலாம். குரல் தெளிவு. மிருதங்கத்தின் தொப்பிதான் கேட்காது. அத்தனை சிறிய பெட்டியில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

2003-இல் ஆப்பிள் ஐபாடுக்கு முப்பது பின் கொண்ட செருகுவாயை (பிரெஞ்சில் படித்த என் வாயில் 'ப்ரீஸ்' என்றுதான் வருகிறது) வைத்தது. அதை நம்பிப் பல கம்பெனிகள் ஸ்பீக்கர் செய்தன. ஆப்பிளே 2006-இல் 349 டாலருக்கு ஒன்று விற்று, மறு ஆண்டே நிறுத்திவிட்டது. 2012-இல் எட்டு பின் லைட்னிங் வந்தது. விலை உயர்ந்தது, மலிவானது எல்லாம் ஒருசேர அநாதை!

ஆகவே வாங்குமுன் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். 3.5 மில்லிமீட்டர் வட்டத் துளை இருக்கிறதா? 19-ஆம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் செருகிய பிளக்கின் பேரன் அதில் நுழையும். ஐபாட் செத்த பிறகும் என் பெட்டியில் சீர்காழி பாடுவது அந்தத் துளை வழியாகத்தான். அது இல்லாத பெட்டியைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.