வாங்காத சீட்டுக்கு விழும் பரிசு: வெளிநாட்டு லாட்டரி மோசடிகள்

வெளிநாட்டு லாட்டரியில் பெருந்தொகை பரிசாக விழுந்துள்ளதாகக் கூறி அனுப்பப்படும் கடிதங்களும், மின்னஞ்சல்களும், கைபேசிச் செய்திகளும் பல நாடுகளில் மக்களின் சேமிப்பைப் பறித்து வருகின்றன. இவற்றில் பரிசு என்ற ஒன்று கிடையாது. அதனைப் பெறுவதற்காகக் கேட்கப்படும் கட்டணமே மோசடியாளர்களின் இலக்கு.

இது முன்பண மோசடி என்ற வகையைச் சேர்ந்தது. சிறையில் வாடும் செல்வந்தரை விடுவிக்க உதவினால் பங்கு கிடைக்கும் என்று ஆசை காட்டிய, 'ஸ்பானியக் கைதி' எனப்படும் கடித மோசடி 19ஆம் நூற்றாண்டிலேயே நடைபெற்றது. நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் 419ஆவது பிரிவின் பெயராலும் இம்மோசடிகள் அறியப்படுகின்றன.

செயல்படும் விதம்

நம்பிக்கை ஏற்படுத்துவதற்காக, ஸ்பெயினின் எல் கோர்டோ, பிரிட்டனின் தேசிய லாட்டரி போன்ற உண்மையான லாட்டரிகளின் பெயர்கள் பயன்படுத்தப்படுகின்றன. சீட்டு வாங்காதவருக்குப் பரிசு எப்படி விழும் என்ற கேள்வி எழாதிருக்க, மின்னஞ்சல் முகவரிகள் அல்லது கைபேசி எண்களைக் கொண்டு கணினிக் குலுக்கல் நடத்தப்பட்டதாகக் கூறப்படுகிறது. பரிசு விபரத்தை எவரிடமும் சொல்லக்கூடாது என்றும் வலியுறுத்தப்படுகிறது. குடும்பத்தினர் எவரும் எச்சரித்துவிடக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

பதில் அளிப்பவரிடம் முதலில் பரிசீலனைக் கட்டணம் கேட்கப்படும். பின்னர் காப்பீடு, வரி, வழக்கறிஞர் கட்டணம் என்று கோரிக்கைகள் தொடரும். ஏற்கனவே செலுத்திய பணம் வீணாகிவிடுமே என்ற அச்சத்தில் பலர் மேலும் மேலும் பணம் அனுப்புகின்றனர்.

சில சமயங்களில் போலிக் காசோலை அனுப்பப்பட்டு, அதில் ஒரு பகுதியைக் கட்டணமாகத் திருப்பி அனுப்புமாறு கோரப்படுகிறது. காசோலைத் தொகை கணக்கில் சில நாட்களில் தெரிந்தாலும், அது போலி என்பது வங்கிக்குத் தெரியவர வாரக்கணக்கில் ஆகலாம். அப்போது முழு இழப்பும் வாடிக்கையாளரையே சேரும்.

சட்ட நடவடிக்கைகள்

லாட்டரி மோசடிகளைக் கட்டுப்படுத்த ஜமைக்கா 2013ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றியது. மோசடிப் பணப்பரிமாற்றங்களைத் தடுக்கத் தவறியது தொடர்பாக, வெஸ்டர்ன் யூனியன் நிறுவனம் 586 மில்லியன் டாலர் செலுத்த 2017 ஜனவரியில் அமெரிக்க அரசுடன் உடன்பாடு கண்டது.

லாட்டரிச் சீட்டு வாங்குவதற்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை இந்தியாவின் 2000ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி விதிகள் தடை செய்கின்றன. ஆகவே மோசடியாளர்கள் பலர் உள்ளூர் வங்கிக் கணக்குகளிலேயே பணம் செலுத்தச் சொல்கின்றனர். இவ்வாறு பணம் பெற்றுக் கைமாற்ற தமது கணக்கைத் தருவோரும் குற்றவழக்கில் சிக்கக்கூடும்.

கவனிக்க வேண்டியவை

சீட்டு வாங்காத லாட்டரியில் பரிசு விழாது என்பதே முதல் விதி. முறையான லாட்டரி அமைப்புகள் பரிசு வழங்க முன்பணம் கேட்பதில்லை. இரகசியம் காக்கச் சொல்வது, அவசரப்படுத்துவது, கடவுச்சீட்டின் நகலையோ வங்கி விபரங்களையோ கோருவது ஆகியனவும் மோசடியின் அடையாளங்கள்.

இத்தகைய செய்திகளுக்குப் பதில் அளிக்காதிருப்பதே பாதுகாப்பு. பணம் அனுப்பியிருந்தால் உடனடியாக வங்கிக்கும் காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். கடிதங்களையும் ரசீதுகளையும் அழித்துவிடக்கூடாது. இந்தியாவில் 1930 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம்.

இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகக் கூறி, அதற்கும் கட்டணம் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் மோசடியாளர்களே. ஒருமுறை ஏமாந்தவர்களின் விபரங்கள் மோசடிக் கும்பல்களிடையே விற்கப்படுகின்றன.