ஹமார்த்தியா: அவல நாடகக் கலைச்சொல் ஒன்றின் வரலாறு

அவல நாடகமொன்றைப் பாடநூலாகக் கற்கும் மாணவர், நாடகத்தின் வரிகளை அறியுமுன்னரே அதனை விளக்கும் கலைச்சொற்களை அறிந்துகொள்கின்றனர். தலைகீழ் மாற்றம், அறிந்துணர்தல், உணர்ச்சித் தூய்மை, தலைவனின் குறைபாடு என அமையும் இச்சொற்கள் என்றும் மாறாப் பொருளுடையன போல வகுப்பறைகளில் வழங்கப்படுகின்றன. ஆயின், சொற்களுக்கும் வரலாறு உண்டு. ஒரு காலத்தவர் ஒரு பொருளில் ஆண்ட சொல்லைப் பிறிதொரு காலத்தவர் தம் சமயத்துக்கும் ஒழுக்கக் கோட்பாட்டுக்கும் ஏற்ப வேறு பொருளில் ஆள்வர். இவ்வாறு பொருள் திரிந்த சொற்களுள் முதன்மையானது ‘ஹமார்த்தியா’ என்னும் கிரேக்கச் சொல்லாகும். அதன் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இச்சொல்லை நாடகத் திறனாய்வுக்கு உரியதாக்கியவர் அரிஸ்டோட்டில் (கி.மு. 384 - 322). சோபொக்கிளீஸ் இறந்து 22 ஆண்டுகளின் பின் பிறந்த அவர், முன்னைய நூற்றாண்டின் ஏதென்ஸ் நகர நாடகங்களைத் திரும்பி நோக்கியே ‘கவிதையியல்’ என்னும் நூலை ஆக்கினார். இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்னும் நியதிக்கு இதுவும் விலக்கன்று. அவல நாடகத்தின் உறுப்புக்களாகக் கதைக்கோப்பு, பாத்திரப் பண்பு, கருத்து, சொல்நடை, இசை, காட்சி ஆகிய ஆறினைக் கூறும் அவர், கதைக்கோப்பையே அதன் உயிரெனக் கொண்டார். பாத்திரப் பண்பு அதற்கு அடுத்த இடத்தையே பெறுகின்றது. பின்வந்தோர் மறந்துவிட்ட செய்தி இதுவெனலாம்.

நூலின் 13ஆம் அதிகாரத்தில் ஹமார்த்தியா இடம்பெறுகின்றது. குற்றமற்ற உத்தமன் வீழ்வது நமக்கு வெறுப்பையே தரும். கொடியவன் வீழ்வது இரக்கத்தை எழுப்பாது. ஆகவே இவ்விரு நிலைக்கும் இடைப்பட்டவன், தீயொழுக்கத்தாலன்றி யாதோவொரு ஹமார்த்தியாவினால் இன்பத்தினின்று துன்பத்துக்கு வீழ்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. இதற்கு எடுத்துக்காட்டாக முதலில் ஈடிப்பஸ் மன்னனையே சுட்டுகின்றார். ஹமார்த்தியா என்னும் பெயர் இலக்குத் தவறுதலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது. மேலும், தமது ஒழுக்கவியல் நூலில், அறியாமையாற் செய்யும் தீங்கையும் தீய உள்ளத்தாற் செய்யும் தீங்கையும் அரிஸ்டோட்டில் வேறுபடுத்துகின்றார். ஒருவன் தன்னால் அடிக்கப்படுபவன் தன் தந்தையே என்பதை அறியாது அடித்தலை அங்கு அவர் உதாரணமாகக் காட்டுவது ஊன்றி நோக்கற்பாலது. ஈடிப்பஸின் கதையும் அதுவன்றோ!

ஈடிப்பஸ் செய்த கொடுஞ்செயல்கள் இரண்டும், அதாவது தந்தையைக் கொன்றதும் தாயை மணந்ததும், நாடகம் தொடங்குவதற்குப் பல்லாண்டுகள் முன் நிகழ்ந்தவை. மேடையில் நாம் காண்பது உண்மையைத் தேடும் ஒரு மன்னனை. கொரிந்து நகரிலிருந்து வரும் தூதன் மன்னனின் அச்சத்தைப் போக்க எண்ணி அவன் பிறப்புப் பற்றிய செய்தியைக் கூறுகின்றான். அதுவே பேரழிவுக்கு வழியாகின்றது. தலைகீழ் மாற்றமும் அறிந்துணர்தலும் ஒருங்கே நிகழ்வதால் இவ்வமைப்பை அரிஸ்டோட்டில் பெரிதும் பாராட்டினார். தூதனின் நன்னோக்கமே தீங்காய் முடியும் இவ்விடத்தில், தண்டனை என்ற பேச்சுக்கே இடமில்லை.

‘கவிதையியல்’ ஐரோப்பாவை அடைந்த வழி நெடிது. சிரிய மொழி வழியாக 10ஆம் நூற்றாண்டில் அபூ பிஷ்ர் மத்தா அதனை அரபு மொழியில் தந்தார். அதற்கு உரைகண்ட இப்னு ருஷ்த் (1126 - 1198) கிரேக்க நாடக மரபை நேரிற் காணாதவர். அவலத்தைப் புகழ்ச்சிப் பாடலெனவும், இன்பியல் நாடகத்தை வசைப்பாடலெனவும் தம் மரபுக்கு இயைய விளக்கினார். அவ்வுரை 1256இல் இலத்தீனுக்குச் சென்றது. 1278இல் கிரேக்கத்திலிருந்து நேரே செய்யப்பட்ட மொழிபெயர்ப்புப் பெரிதும் கவனிக்கப்படவில்லை. 1498இல் இலத்தீன் மொழிபெயர்ப்பும் 1508இல் கிரேக்க மூலமும் அச்சேறிய பின்னரே நூல் பரந்த வழக்குப் பெற்றது.

அச்சேறிய நூலைக் கற்றோர் கிறித்தவ உலகினர். அவர்கள் அறிந்த கிரேக்கப் புதிய ஏற்பாட்டிலே ‘ஹமார்த்தியா’ பாவத்தைக் குறிக்கும் சொல். இப்பொருள் நாடகக் கலைச்சொல்லின்மீதும் நிழல் வீழ்த்தியமை வியப்பன்று. துன்புறுபவன் ஏதோவொரு வகையில் அதற்கு உரியவனாய் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோமஸ் றைமர் என்னும் ஆங்கிலத் திறனாய்வாளர் நல்லோர் வாழவும் தீயோர் அழியவும் செய்யும் ‘கவிதை நீதி’யை நாடகத்திற் கோரினார். 1681இல் நேகம் ரேற், சேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தைத் திருத்தினார். அதில் லியர் உயிர்பிழைக்கின்றான். கோடிலியா எட்கரை மணக்கின்றாள். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இலண்டன் அரங்கில் இத்திருத்தமே கோலோச்சியது. 1838இல் மக்றெடியே மூல நாடகத்தை மீட்டு மேடையேற்றினார். ஒரு கோட்பாடு பெருங்கவிஞனின் முடிவையே மாற்றவல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

19ஆம் நூற்றாண்டிலே கவனம் கதைக்கோப்பிலிருந்து பாத்திரத்துக்குப் பெயர்ந்தது. 1904இல் வெளிவந்த ஏ. சி. பிராட்லியின் சேக்ஸ்பியர் ஆய்வு, தலைவனின் இயல்பிலிருந்தே அழிவு தோன்றுவதை நுணுக்கமாக விளக்கியது. மக்பெத்துக்குப் பொருந்தும் அப்பார்வை பாடநூல்களில் எல்லா நாடகங்களுக்கும் உரிய வாய்பாடாய்ச் சுருங்கியது. ஒதெல்லோவுக்குப் பொறாமை, ஹம்லெத்துக்குத் தயக்கம், ஈடிப்பஸுக்குச் சினம் அல்லது செருக்கு எனத் தலைவருக்கு ஒவ்வொரு நோய் குறிக்கப்பட்டது. 1966இல் ஒக்ஸ்போர்ட் அறிஞர் ஈ. ஆர். டொட்ஸ் இத்தவறான வாசிப்பைக் கண்டித்து எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. நாடகத்துள் ஈடிப்பஸ் சினப்படுவது உண்மையே. ஆயின் முன்னரே நிகழ்ந்துவிட்ட செயல்களுக்கு அச்சினம் காரணமாதல் இயலாது.

தமிழிற் கலைச்சொல் ஆக்குவோருக்கும் இவ்வரலாற்றிற் படிப்பினையுண்டு. 1926இல் விபுலானந்த அடிகள் ‘மதங்க சூளாமணி’யில் சேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழித் தசரூபகக் கருத்துக்களையும் தமிழ்ப்படுத்தியபோது, பிறமொழிக் கோட்பாட்டைத் தமிழின் சொல்வளத்தாலேயே உரைக்கலாமெனக் காட்டினார். அவ்வழியில் நோக்கின், ஹமார்த்தியாவுக்குக் ‘குறைபாடு’ என்பதினும் ‘பிழை’ என்பதே பொருத்தமாகும். பிழைத்தல் என்பதற்குக் குறி தவறுதல் என்னும் பொருள் தொன்றுதொட்டு உண்டு. யானைமீது எறிந்து குறி தவறிய வேலைத் திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம் இச்சொல்லாலேயே குறிக்கின்றது. குறைபாடு ஒருவனது இயல்பில் உறைவது. பிழை அவன் செயலில் நேர்வது. கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருள் தமிழ்ச் சொல்லிலும் அவ்வாறே அமைந்திருத்தல் நமக்கு வாய்த்த பேறாகும்.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. துன்புற்றோரிடத்துக் குற்றம் காணும் மனப்பாங்கு மனிதரிடம் எளிதில் வேரூன்றுவது. அவ்வாறு கண்டுவிட்டால் நாம் அஞ்சவும் வேண்டியதில்லை, இரங்கவும் வேண்டியதில்லை. அவல நாடகமோ அச்சத்தையும் இரக்கத்தையுமே தன் பயனாகக் கொண்டது. தன் கண்களைத் தானே குருடாக்கி நிற்கும் ஈடிப்பஸின் முன் நின்று, “இவன் செய்த குற்றம் யாது?” என்று வினவும் மாணவர், “அறியாது செய்த பிழைக்கும் இத்துணைத் துயரம் விளையுமோ?” என்று வினவக் கற்பாராயின் நாடகம் அவர்க்குத் தன் பொருளை உணர்த்தும். கலைச்சொல் நாடகத்தைக் காண உதவும் விளக்காதல் வேண்டும். நாடகத்தை மறைக்கும் திரையாதல் ஆகாது.